சும்மா இருந்தவர்களின் கணக்கு

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைக்கும் பெண்கள் சுமார் 5 கோடியே 94 லட்சம் பேர். அடுத்த கணக்கெடுப்பு 1971இல் நடந்தது. அதில் உழைக்கும் பெண்கள் சுமார் 3 கோடியே 13 லட்சம் பேர். இந்தப் பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 11 கோடி கூடியிருக்கிறது. உழைக்கும் பெண்களின் எண்ணிக்கையோ 2 கோடியே 81 லட்சம் குறைந்திருக்கிறது.

அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? வயலில் நடவுக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. மாட்டுக்குப் புல் அறுப்பதும் களத்தில் நெல் தூற்றுவதும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவதும் தென்னங்கீற்று முடைவதும் நிற்கவில்லை. ஆண்களின் கணக்கிலும் குறைவு இருந்தது. ஆனால் அது 100க்கு 57 என்பதிலிருந்து 52, 53 என்ற அளவுக்கு வந்த சிறு குறைவு. பெண்களின் கணக்கு 100க்கு 28 என்பதிலிருந்து 12 ஆகச் சரிந்தது. (1971க்கான இந்த வீதம் பிற்காலப் பட்டியல்களில் 14 என்று சற்றுக் கூடுதலாகக் காணப்படும். சரிவு சரிவுதான்.)

பெண்கள் எங்கும் போகவில்லை. கேள்விதான் மாறியிருந்தது.

முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் மாணவியரில் பலருக்கு அளவுசார் ஆய்வுமுறை என்ற பாடம் ஓர் அச்சத்தோடுதான் அறிமுகமாகிறது. மாதிரி எடுப்பது, சராசரி, திட்ட விலக்கம், கை வர்க்கச் சோதனை, எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் என்று அது ஒரு கணக்குப் பாடமாகவே நடத்தப்படுகிறது. எண்ணத் தொடங்குவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதைப் பாடநூல்கள் ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எதை ஒன்று என எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்னும் முடிவு அது. இந்தியப் பெண்களின் உழைப்பு எண்ணப்பட்ட வரலாறு அந்த ஒரு பத்தியின் விரிவுரை. ஆய்வுமுறையின் அடிப்படைச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கும்.

வரையறை

நாம் அளக்க விரும்பும் கருத்தை, களத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளக்கூடிய ஒன்றாக மாற்றுவதைச் செயல்வரையறை என்கிறோம். ‘வேலை’ என்பது ஒரு கருத்து. ‘சென்ற வாரம் கூலிக்குப் போனீர்களா?’ என்பது அதன் செயல்வரையறைகளில் ஒன்று. கருத்து அப்படியே இருக்க, செயல்வரையறை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை 1961க்கும் 1971க்கும் இடையே பார்க்கலாம்.

1961இல் விவசாயம் போன்ற பருவ வேலைகளுக்கான வரையறை தாராளமானது. பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக வேலை செய்திருந்தால் அவர் உழைப்பாளி. 1971இல் ஒருவரின் ‘முதன்மைச் செயல்பாடு’ என்ன என்று முதலில் கேட்டார்கள். அந்தப் பதிலை வைத்து உழைப்பவர், உழைக்காதவர் என்று பிரித்தார்கள். உழைக்காதவர் என்ற பகுதிக்குள் வீட்டுக் கடமைகள் செய்வோர், மாணவர், ஓய்வு பெற்றோர், பிறரைச் சார்ந்திருப்போர், பிச்சை எடுப்போர், சிறை போன்ற நிறுவனங்களில் இருப்போர் என்று உட்பிரிவுகள் இருந்தன.

விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, பால் கறந்து, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சொந்த வயலில் நான்கு மணி நேரம் களையெடுத்துவிட்டு, விறகோடு திரும்பி, மறுபடியும் அடுப்படிக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1961இன் அளவுகோலில் அவர் உழைப்பாளி. 1971இல் அவருடைய முதன்மைச் செயல்பாடு எது என்று கேட்டால், ‘வீட்டு வேலை’ என்ற பதிலே வரும். அத்தோடு அவர் உழைக்காதவர் ஆகிவிடுகிறார். துணை வேலையையும் தனியாகக் கேட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் தலைப்புச் செய்தியாகும் எண்ணிக்கையில் அது சேரவில்லை. அவருடைய களையெடுப்பைக் கணக்கிலிருந்து நீக்கியது அவருடைய சமையல்தான். ஒரே மனுஷி இரண்டு வேலைகளைச் சுமந்ததே அவர் ஒரு வேலையும் செய்யாதவர் ஆனதற்குக் காரணம்.

இங்கே நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரு சொற்களையும் பிரித்துப் பார்க்கலாம். 1971இன் கேள்வியை அந்தப் பெண்ணிடம் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் ஒரே பதில் வந்திருக்கும். அளவுகோல் நம்பகமானது. ஆனால் அது அளக்க வந்ததை அளக்கவில்லை. அடி நசுங்கிய படியால் அரிசி அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் விழும். ஒவ்வொரு முறையும் குறைவாகவே விழும். அந்தக் குறைவு யார் பக்கம் விழுகிறது என்று கேட்பதுதான் பெண்ணிய ஆய்வுமுறையின் முதல் வேலை.

பழைய வழக்கம்

வீட்டில் உழைக்கும் பெண்ணைச் ‘சும்மா இருப்பவள்’ ஆக்கியது இந்திய அதிகாரிகளின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. 1851ஆம் ஆண்டு பிரிட்டன் கணக்கெடுப்பு, மனைவியரையும் தாய்மாரையும் அவர்களுடைய பங்களிப்பை ஏற்றுத் தனி வகுப்பாகக் காட்டியது. 1881க்குள் அவர்கள் ‘தொழில் இல்லாதோர்’ வகுப்புக்கு நகர்த்தப்பட்டுவிட்டார்கள். பொருளியலாளர் நான்சி ஃபோல்பர் 1991இல் எழுதிய கட்டுரையில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெண் எப்படிப் படிப்படியாக ‘உற்பத்தி செய்யாதவள்’ ஆனாள் என்பதை இத்தகைய பழைய கணக்கெடுப்புகளைக் கொண்டே காட்டினார். அவரவர் வீட்டில் அதே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அரசின் பதிவேட்டில் மட்டும் அது அணைந்தது.

பொருளியல் துறைக்கு இந்த முரண் தெரியாமல் இல்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு, 1920இல் வெளியான தம் நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். சம்பளத்துக்கு வைத்திருந்த பணிப்பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், செய்பவரும் அவரேதான், சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது. முரணைச் சொன்ன துறை அதைத் திருத்தாமல் நகர்ந்துவிட்டது. 1934இல் மார்கரெட் ரீட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வீட்டு உற்பத்தியைப் பற்றி ஒரு நூல் எழுதி, எளிய சோதனை ஒன்றைத் தந்தார். ஒரு வேலையை, காசு கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்துகொள்ள முடியுமானால் அது உற்பத்தி. சமைப்பது, துவைப்பது, பிள்ளை பார்ப்பது எல்லாம் இந்தச் சோதனையில் தேறும். தூங்குவதும் படம் பார்ப்பதும் தேறாது. செயல்வரையறை என்றால் எவ்வளவு தெளிவாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனாலும் நாடுகளின் தேசியக் கணக்கு முறையில் அந்தச் சோதனைக்கு இடம் கிடைக்கவில்லை. நியூசிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மேரிலின் வாரிங், 1988இல் வெளிவந்த தம் நூலில், ஐக்கிய நாடுகளின் தேசியக் கணக்கு முறையே பெண்களின் உழைப்பை வெளியே நிறுத்தும்படி கட்டப்பட்டிருக்கிறது என்று வாதிட வேண்டியிருந்தது.

எண்ணே காட்டிக்கொடுத்தது

இத்தனை ஏமாற்றுக்குப் பிறகு, எண்களே ஆணாதிக்கத்தின் கருவி, நமக்கு அவை வேண்டாம் என்று முடிவு செய்வது எளிது. பெண்ணியத்தின் வரலாறு அப்படிப் போகவில்லை.

இந்திய அரசு 1971இல் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. பூல்ரேணு குஹா அதன் தலைவர். வீணா மஜும்தார் அதன் உறுப்பினர்-செயலர். 1974 இறுதியில் அவர்கள் அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை, இந்தியப் பெண்ணிய ஆய்வின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. விடுதலைக்குப் பிறகு பெண்களின் நிலை மெல்ல மெல்ல உயர்ந்து வருகிறது என்றுதான் படித்த நடுத்தர வர்க்கம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்தது கணக்கெடுப்பின் எண்களே. 1901இல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971இல் 930 பேர்தான். வேலையில் பெண்களின் பங்கு சுருங்கியிருந்தது. இந்த எண்கள் அரசின் அலமாரியிலேயே இருந்தவை. பத்தாண்டுக்கு ஒருமுறை அச்சிட்டு வெளியிடப்பட்டவை. யாரும் அவற்றை வரிசையாக அடுக்கி, பெண்ணின் வாழ்வு எந்தத் திசையில் போகிறது என்று கேட்டிருக்கவில்லை.

ஒரே கணக்கெடுப்பு பெண்களை மறைக்கவும் செய்தது, அவர்கள் குறைந்துவருவதைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது. அதனால் எண்ணை வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

யார் கேட்டது, யார் சொன்னது

கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நிற்கிறார். திண்ணையில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

“வீட்டம்மா என்ன செய்றாங்க?”

“அவ என்ன செய்றா? சும்மாதான் இருக்கா.”

இந்த உரையாடலைக் கேட்காத தமிழ்ப் பெண் இருக்க முடியாது. அந்த அம்மாவிடமே கேட்டாலும் பதில் பெரிதாக மாறாது. “வேலைக்கெல்லாம் போகலீங்க, வீட்டுலதான் இருக்கேன்” என்பார். நம் மொழியில் ‘வேலைக்குப் போவது’ என்றால் வாசலைத் தாண்டிப் போய்ச் சம்பளத்தோடு திரும்புவது. அரசின் வரையறை ஒருபுறம் இருக்க, பேச்சு வழக்கும் பெண்ணின் உழைப்பை மறைக்கிறது. ‘சும்மா’ என்ற சொல் நம் எல்லார் வீட்டிலும் புழங்கும் ஒரு செயல்வரையறை.

1970களின் நடுவில் தேவகி ஜெயின் இந்த இடத்தில்தான் கைவைத்தார். மாலினி சந்துடன் சேர்ந்து ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் ஆறு ஊர்களில் ஓர் ஆய்வை நடத்தினார். ‘நீங்கள் வேலை செய்கிறீர்களா?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் ஒரு நாளின் நேரத்தை எதெதற்குச் செலவிடுகிறார்கள் என்று பார்த்துக் குறித்தார்கள். எழுந்தது முதல் படுப்பது வரை. அரசின் வகைப்பாட்டில் வீட்டு வேலை மட்டுமே செய்பவர்களாகத் தெரிந்த பெண்கள் பலர், கால்நடை பராமரிப்பு, களையெடுப்பு, புல் அறுப்பு போன்ற உற்பத்தி வேலைகளில் மணிக்கணக்கில் ஈடுபட்டிருந்தது தெரியவந்தது. அந்த ஊர்களின் பெண்கள் திடீரென்று உழைக்கத் தொடங்கிவிடவில்லை. ‘வேலை’ என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்தவுடன் உழைப்பு தெரிந்தது.

தமிழ்நாட்டு வயல்களும் இந்த வரலாற்றில் உண்டு. ஜோன் மென்ச்சரும் சாரதாமணியும் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் நெல் விளையும் பகுதிகளில் பெண் விவசாயத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சேற்றுக் கால்களையும் அழுக்குக் கைகளையும் அதன் தலைப்பிலேயே வைத்தார்கள். நாற்று நடுவதும் களை பறிப்பதும் யாருடைய கைகள் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ‘விவசாயி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோளில் ஏர் சுமந்த ஓர் ஆண்தான் வருகிறார். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே விவசாயி என்று அரசும் எடுத்துக்கொள்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘பெண்’ என்ற ஒரே மாறியை வைத்துக்கொண்டு எல்லாப் பெண்களையும் ஒரு சராசரிக்குள் அடைப்பதும் மறைத்தலின் இன்னொரு வகை. தலித் பெண்ணின் கூலி உழைப்பு ஊருக்கே தெரிந்தது. அவரை யாரும் ‘வீட்டுக்குள் இரு’ என்று சொல்லி அடைக்கவில்லை. வெயிலில் குனியவைத்துக் கூலியைக் குறைத்தார்கள். நிலம் வைத்திருந்த இடைநிலைச் சாதிக் குடும்பங்களில், கொஞ்சம் வசதி வந்ததும் பெண்களை வயலிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்வது கௌரவம் ஆனது. ஒருவரின் உழைப்பு மலிவாக்கப்பட்டது, மற்றவரின் உழைப்பு மறைக்கப்பட்டது. சாதி வாரியாகவும் நிலவுடைமை வாரியாகவும் குறுக்கு அட்டவணை போடாத ஆய்வில் இரண்டும் கலந்து, யாருடைய வாழ்க்கையையும் காட்டாத ஒரு சராசரிதான் மிஞ்சும்.

ஒரு கேள்விக்குள் ஏழெட்டுச் சொற்கள்

1981 கணக்கெடுப்பு ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தது. ஆண்டில் 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் உழைத்தவர் முதன்மை உழைப்பாளி. அதற்குக் குறைவாக உழைத்தவர் குறுநிலை உழைப்பாளி. 1971இல் காணாமல் போனவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவது வாசல் வழியாகத் திரும்பி வந்தார்கள். பெண்களின் உழைப்பு வீதம் 100க்கு 20ஐ நெருங்கியது.

பெண்கள் அமைப்புகளும் பெண்ணிய ஆய்வாளர்களும் அத்தோடு விடவில்லை. 1991 கணக்கெடுப்புக்கு முன் அவர்கள் கணக்கெடுப்புத் துறையோடு பேசினார்கள். ஐக்கிய நாடுகளின் பெண்கள் மேம்பாட்டு நிதியம் துணை நின்றது. ‘சென்ற ஆண்டில் எப்போதாவது வேலை செய்தாரா?’ என்ற கேள்வியோடு, ‘விவசாயத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த வேலை உட்பட’ என்ற பொருளில் ஒரு தொடர் சேர்க்கப்பட்டது. கணக்கெடுப்பாளர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது. பெண்களின் உழைப்பை எண்ணச் சொல்லும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அந்தக் கணக்கெடுப்பில் வீதம் 22ஐத் தாண்டியது.

வினாப்பட்டியலில் ஏழெட்டுச் சொற்களைச் சேர்ப்பதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. வினாப்பட்டியல் தயாரிப்பதை நெறியாளர் கையெழுத்துக்கான ஒரு சடங்காக நினைக்கும் மாணவியர் இந்த இருபது ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம்.

வகுக்கும் எண்

அடுத்த கட்டம் நேரத்தையே நாடு முழுவதற்கும் அளப்பது. தேவகி ஜெயின் ஆறு ஊர்களில் செய்ததை அரசு 1998-99இல் ஆறு மாநிலங்களில் செய்தது. ஹரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா, மேகாலயா ஆகியவற்றோடு தமிழ்நாடும் அதில் இருந்தது. 18,591 குடும்பங்களில் விவரம் திரட்டினார்கள். தேசியக் கணக்கில் சேரும் வேலைகளில் ஆண்கள் வாரத்துக்குச் சுமார் 42 மணி நேரமும் பெண்கள் சுமார் 19 மணி நேரமும் செலவிட்டார்கள். வீட்டு வேலை, பராமரிப்பு ஆகியவற்றில் ஆண்கள் 4 மணி நேரத்துக்கும் குறைவு. பெண்கள் சுமார் 35 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் பெண்ணின் வாரம் 53 மணி நேரம், ஆணின் வாரம் 46 மணி நேரம். முதல் வரியை மட்டும் படிப்பவருக்குப் பெண் குறைவாக உழைப்பவள். கூட்டிப் படிப்பவருக்கு அவள் ஆணைவிட வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக உழைப்பவள்.

2019இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. ஆறு வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் அதில் அடக்கம். முதல் நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை, அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக் கேட்டார்கள். அதன் முடிவுகளில் எல்லா நாளிதழ்களிலும் வந்தது இதுதான்: ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். பெண்கள் ஆண்களைப் போல மூன்று மடங்கு என்று கட்டுரைகள் எழுதப்பட்டன.

இந்த எண்கள் சரியானவைதான். ஆனால் இவை அந்த நாளில் வீட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. வீட்டு வேலை செய்த பெண்கள் 100க்கு 81 பேர். ஆண்கள் 100க்கு 26 பேர்தான். ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடாத 74 ஆண்கள் வகுக்கும் எண்ணிலிருந்து வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் உள்ளே அழைத்து எல்லாருக்குமான சராசரியைப் பார்த்தால், பெண்ணுக்கு 243 நிமிடங்கள், ஆணுக்கு 25 நிமிடங்கள். மூன்று மடங்கு என்பது கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டு சராசரிகளும் ஒரே அறிக்கையில் உள்ளன. எதை எடுத்து எழுதுகிறோம் என்பது நம் ஆய்வுக் கேள்வியைப் பொறுத்தது. எந்தச் சராசரியைக் கண்டாலும் ‘யாரையெல்லாம் வைத்து வகுத்தார்கள்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், புள்ளியியல் பாடத்தில் பாதியைக் கடந்துவிட்டோம் என்று பொருள்.

அரை மணி நேரக் கட்டங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. உலை கொதிக்கும்போதே பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் ஒருத்தியின் அரை மணி நேரத்தை எந்த வேலையின் கீழ் எழுதுவது? நேரத்தை அளந்தாலும், ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருக்கும் கவனத்தை அளக்க இன்னும் நல்ல அளவுகோல் தேவைப்படுகிறது.

எண் செய்யும் வேலை

இதெல்லாம் ஆய்வாளர்களுக்குள் நடக்கும் சச்சரவு என்று தோன்றலாம். 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. சாலை விபத்தில் இறந்துபோன ஒரு குடும்பத் தலைவிக்கு எவ்வளவு இழப்பீடு என்பதே வழக்கு. சம்பளம் இல்லாதவரின் உயிருக்கு என்ன கணக்கு? கீழே குறைத்துக் கணக்கிடப்பட்டிருந்த தொகையை நீதிமன்றம் 6 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதோடு, 2001 கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சை எடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைவாசிகள் ஆகியோருடன் உழைக்காதவர் என்ற ஒரே பிரிவில் வைத்ததைக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை நாம் எடுத்தாளும்போது ஒரு கவனம் வேண்டும். மற்றவர்கள் இழிந்தவர்கள், அவர்களோடு ‘குடும்பப் பெண்ணை’ச் சேர்க்கலாமா என்ற தொனி நமக்கு வேண்டாம். உழைப்பை உழைப்பு என்று சொல்ல மறுத்த வகைப்பாடுதான் நம் எதிர்ப்புக்குரியது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்ததற்கு மனைவி இங்கே குடும்பத்தைச் சுமந்ததும் காரணம் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது. தொகை சிறியது, தகுதிக்கான நிபந்தனைகளும் உண்டு. ஆனாலும், வீட்டு உழைப்பை எண்ண முடியும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தவர்கள் இல்லையென்றால் அந்தச் சொல் அரசாணைக்குள் வந்திருக்காது.

இன்னும் முடியவில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீட்டு எண்கள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. வீட்டு வேலையோடு, குடும்பத்துக்காக விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரிப்பது, தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவர் 93. இரு எண்களுமே உழைப்புப் படைக்கு வெளியே வைக்கப்பட்டவை. 2013இல் ஜெனிவாவில் கூடிய உழைப்புப் புள்ளியியலாளர்களின் உலக மாநாடு, ஊதியமில்லாத வீட்டு உழைப்பும் ‘வேலை’தான் என்று தன் வரையறையைத் திருத்திக்கொண்டது. ஆனால் ‘வேலை’ என்ற சொல்லுக்குள் வந்த அந்தப் பெண், ‘உழைப்புப் படை’ என்ற சொல்லுக்குள் இன்னும் வரவில்லை.

1971க்கு நேர் எதிரான ஒரு புதிரும் இன்று நம் முன் இருக்கிறது. அரசின் காலமுறை உழைப்புப் படை ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புப் படையில் இருப்போர் 2017-18இல் 100க்கு 23.3 பேர். 2023-24இல் 41.7 பேர். பெரும் பாய்ச்சல். அதே காலத்தில், உழைக்கும் பெண்களில் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்களின் பங்கும் 100க்கு 32 என்ற அளவிலிருந்து 37 ஆக உயர்ந்திருக்கிறது. இந்தப் பாய்ச்சலில் எவ்வளவு புதிய வேலை, எவ்வளவு முன்பு எண்ணாமல் விட்ட உழைப்பு, எவ்வளவு நெருக்கடியால் குடும்பக் கடைக்கும் காட்டுக்கும் வந்த கைகள்? 1971இல் எண் குறைந்ததால் பெண்கள் ஓய்ந்துவிட்டதாகப் பொருள் இல்லை. இன்று எண் கூடியதால் அவர்கள் கையில் சம்பளம் வந்துவிட்டதாகவும் பொருள் இல்லை. ஊதியமில்லா உழைப்பை எண்ணச் சொன்னவர்கள் நாம்தான். அந்த எண்ணிக்கையைக் காட்டி ‘பெண்களுக்கு வேலை கிடைத்துவிட்டது’ என்று யாரேனும் சொல்லும்போது, அதைப் பிரித்துக் காட்ட வேண்டியவர்களும் நாம்தான்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நம் மாணவியரில் பலர் தங்கள் சொந்த வினாப்பட்டியல்களோடு ஏதோவொரு தெருவில் இறங்கியிருப்பார்கள். 120 குடும்பங்களோ 300 பெண்களோ, மாதிரி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். ‘வேலை’ என்று கேட்காமல் வேலைகளின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்: மாடு, விறகு, தண்ணீர், பீடி, தையல், கடை. கடந்த வாரத்தைக் கேட்பதா, கடந்த ஆண்டைக் கேட்பதா என்று யோசிக்கலாம். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்த பிறகு போய் ‘சென்ற வாரம்’ என்று கேட்டால் பாதி உழைப்பு விடுபட்டுப்போகும். வீட்டுக்காரரிடம் கேட்ட பதிலையும் அந்தப் பெண்ணே சொன்ன பதிலையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஓர் அத்தியாயம் ஆகலாம். சாதியையும் நிலத்தையும் கேட்கத் தயங்க வேண்டாம். வரையறையை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒளித்துவைக்காமல் முன்னால் எழுதலாம்.

“சும்மாதான் இருக்கேன்” என்று ஒரு பெண் சொன்னால், தாளில் 92 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாமல், “காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க, அக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். அந்த அரை மணி நேரத்தையும் ஆய்வுத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.